ஓடியவர்கள் தெரிகிறார்கள்... மணியடித்தவர்கள் எங்கே?

இந்தக் காட்சியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். காலண்டரில், ஜிக்சா புதிர் அட்டையில், பிள்ளைகள் ஒட்டி விளையாடும் மாடல் விமானப் பெட்டியின் மேலட்டையில்.

பச்சைப் புல்வெளி. ஓரமாக ஒரு மரக் குடிசை. அதன் முன்னால் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சாய்வு நாற்காலி, விரித்தபடியே விட்ட செய்தித்தாள். ஏழெட்டு இளைஞர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். கழுத்தில் பட்டுத் துணி, மார்பில் மஞ்சள் உயிர்காப்புச் சட்டை, காலில் கம்பளி வைத்த பூட்ஸ். அவர்களுக்கு எதிரே வரிசையாக நிற்கும் ஸ்பிட்ஃபயர் அல்லது ஹரிக்கேன் விமானங்களில் ஒன்றின் புரொப்பல்லர் சுழல ஆரம்பித்துவிட்டது. கூடவே ஒரு நாயும் ஓடும்.

இதற்கு 'ஸ்க்ராம்பிள்' என்று பெயர். 'உடனே கிளம்பு' என்று பிரிட்டிஷ் விமானப்படையில் கொடுக்கப்பட்ட உத்தரவு அது. 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை பிரிட்டன் வானில் நடந்த போரின் அடையாளமாகவே இந்தக் காட்சி நிலைத்துவிட்டது. பிரிட்டனில் விமானங்களை மட்டுமே வரையும் ஓவியர்கள் ஒரு தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வரைந்த காட்சிகளில் இதுவும் ஒன்று. அந்தப் போரில் பறந்த முதியவர்கள் பென்சிலால் கையெழுத்திட்ட அச்சுப் பிரதிகளை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் அங்கே ஏராளம்.

படத்தைப் பார்த்தவுடன் மனதில் பதிவது வீரம்தான். ஆனால், கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழும். இவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? வானத்தில் எதிரி விமானம் எதுவும் தெரியவில்லையே. ஆபத்து வருகிறது என்று இவர்களுக்குச் சொன்னது யார்?

ஒரு நிமிடத்தின் விலை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரான்சின் கலே கரைக்கும் இங்கிலாந்தின் டோவர் கரைக்கும் இடையே கடல் குறுகும் இடத்தில் தூரம் சுமார் 33 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானத்துக்கு அது ஏழு நிமிடப் பயணம்.

இந்தப் பக்கம், ஒரு ஸ்பிட்ஃபயர் தரையிலிருந்து 20,000 அடி உயரம் ஏற எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். அதுவும் தனியாகப் போனால். 12 விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஏறும்போது இன்னும் கூடும். வான்போரில் மேலே இருப்பவனுக்குத்தான் சாதகம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் இரண்டாயிரம் அடி உயரத்தை எதிரிக்குத் தாரை வார்ப்பதற்குச் சமம்.

ஓட்டத்தின் காரணம் இதுதான். பாராசூட்டை விமானத்தின் இறக்கையிலோ இருக்கையிலோ தயாராக வைத்திருப்பார்கள். விமானி வந்து சேர்வதற்குள் தரைப் பணியாளர் ஒருவர் இன்ஜினைக் கிளப்பியிருப்பார். இன்னொருவர் பட்டைகளை இழுத்துத் தோளில் மாட்டிவிடுவார். தேர்ந்த ஸ்குவாட்ரன் என்றால், மணியடித்த இரண்டு மூன்று நிமிடத்தில் புல்தரை காலியாகிவிடும்.

கழுத்தில் கட்டிய பட்டுத் துணி அலங்காரத்துக்கு அல்ல. பின்னால் எதிரி வருகிறானா என்று ஓயாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது சட்டைக் காலர் உரசிக் கழுத்துத் தோல் புண்ணாகும். அதற்காகத்தான் பட்டு.

இவ்வளவு ஓடி, இவ்வளவு உயரம் ஏறிப் போகிறவரின் கையில் என்ன இருக்கும்? இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றில் இருக்கும் குண்டுகள் தொடர்ந்து சுட்டால் சுமார் 15 விநாடிக்குத்தான் வரும்.

ஓடியவர்களின் வயது? பெரும்பாலோருக்கு இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். இப்போது கல்லூரிக் கடைசி ஆண்டில் படிக்கும் பிள்ளைகளின் வயது.

போன் அடித்தால் அடிவயிறு கலங்கும்

ஓவியத்தில் ஓட்டம் தெரிகிறது. அதற்கு முந்தைய பல மணி நேரம் தெரிவதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, விமானங்களுக்குப் பக்கத்துக் குடிசைக்கு வந்துவிட வேண்டும். பிறகு காத்திருப்பு. சிலர் செஸ் ஆடுவார்கள், சிலர் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சிலர் பூட்ஸோடு தூங்குவார்கள்.

குடிசைக்குள் ஒரு தொலைபேசி. அது ஒலித்தால் எல்லோருடைய பேச்சும் நின்றுவிடும். 'டீ வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லவும் அதே போன்தான், 'கிளம்பு' என்று சொல்லவும் அதே போன்தான். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டில் போன் அடித்தால் வயிற்றைப் புரட்டும் என்று சொன்ன விமானிகள் உண்டு. சண்டையைவிடக் காத்திருப்பதுதான் கொடுமை என்று பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நினைவுச்சின்னம் ஒன்று டோவருக்கு அருகே கேப்பல்-லெ-ஃபெர்ன் என்ற இடத்தில், கடலோரக் குன்றின் மேல் இருக்கிறது. அதில் விமானி ஓடவில்லை. தனியாகத் தரையில் அமர்ந்து, கடலைப் பார்த்தபடி இருக்கிறார். 1993-ல் திறக்கப்பட்ட இந்தச் சின்னம் உருவாகக் காரணமானவர் ஜெஃப்ரி பேஜ். அவரே அந்தப் போரில் பறந்த விமானி. 1940 ஆகஸ்ட் 12 அன்று அவர் பறந்த ஹரிக்கேன் தீப்பிடித்தது. முகமும் கைகளும் கருகக் கடலில் குதித்துத் தப்பினார். அப்போது அவருக்கு வயது 20.

மணிக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம்

அந்தத் தொலைபேசியின் மறுமுனைக்குப் போவோம்.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோரத்தில் சுமார் 360 அடி உயர இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. அவைதான் ராடார் நிலையங்கள். பிரான்சுக்கு மேலே எதிரி விமானங்கள் ஒன்றுகூடும்போதே, திரையில் ஒரு சின்னத் துடிப்பாக அவை தெரிந்துவிடும். பல நிலையங்களில் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விமானப்படையின் மகளிர் பிரிவுப் பெண்கள்.

ஆனால், அந்த ராடாரின் பார்வை கடல் பக்கம் மட்டும்தான். எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதனால் பயனில்லை. அங்கிருந்து வேலை மனிதக் கண்களுக்கு. நாடு முழுக்க சுமார் ஆயிரம் காவல் மேடைகளில், ஏறத்தாழ 30,000 தன்னார்வலர்கள் தொலைநோக்கியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள். எத்தனை விமானம், எந்த வகை, எவ்வளவு உயரம், எந்தத் திசை என்று உடனுக்குடன் போனில் சொல்ல வேண்டும்.

இந்தத் தகவல்கள் எல்லாம் நிலத்தடி அறைகளுக்கு வந்து சேரும். லண்டனுக்கு மேற்கே அக்ஸ்பிரிட்ஜில் தரைக்குக் கீழே சுமார் 60 அடியில் இருந்த அறை இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவே ஒரு பெரிய மேசை, அதன் மேல் இங்கிலாந்தின் வரைபடம். சுற்றிலும் இளம்பெண்கள். காதில் ஹெட்போன், கையில் நீளக் கோல். தகவல் வர வர, எதிரிக் கூட்டத்தைக் குறிக்கும் சின்னக் காய்களை மேசையின் மேல் நகர்த்துவார்கள்.

அந்த அறையின் கடிகாரத்தில் ஒரு நுட்பம் இருந்தது. முகப்பில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். முள் எந்த வண்ணத்தில் இருக்கிறதோ, அந்த வண்ண அம்பைத்தான் மேசையில் வைக்க வேண்டும். மேலே மாடத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு, எந்தத் தகவல் இந்த நிமிடத்தியது, எது ஆறிப்போன பழைய தகவல் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரு கடிகாரத்தையும் கொஞ்சம் பெயின்டையும் வைத்துச் செய்த ஏற்பாடு!

அங்கே முடிவெடுத்து, பகுதித் தளத்துக்குச் சொல்லி, அவர்கள் குடிசைக்கு போன் செய்து, போனை எடுத்தவர் கத்தி, மணி அடித்து... அதன் பிறகுதான் நம் ஓவியம் தொடங்குகிறது.

இந்த ஏற்பாடு முழுவதையும் போருக்கு முன்பே யோசித்துக் கட்டியவர், போர் விமானப் பிரிவின் தலைவர் ஹ்யூ டௌடிங். அதிகம் பேசாத, சிரிக்காத மனிதர். மனைவி 1920-லேயே இறந்துவிட்டார். ஒரே மகன் டெரெக். 1940-ன் அந்தக் கோடையில் டெரெக்கும் 74-வது ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். அப்பா கட்டிய ஏற்பாட்டின் மணி அடித்தபோது ஓடியவர்களில் மகனும் ஒருவர். டெரெக் உயிர் பிழைத்தார். போரில் வென்ற கையோடு, 1940 நவம்பரில் டௌடிங்கைப் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

எதிரியும் ஓடியவர்களைத்தான் பார்த்தான்

இந்த மணியின் மதிப்பு ஜெர்மன் தலைமைக்குச் சரியாகப் புரியவில்லை. 1940 ஆகஸ்ட் 12 அன்று அவர்கள் கடலோர ராடார் நிலையங்களைத் தாக்கினார்கள். வைட் தீவிலிருந்த வென்ட்னர் நிலையம் பல நாட்கள் முடங்கியது. ஆனால் இரும்புக் கோபுரங்கள் சாயவில்லை. மற்ற நிலையங்கள் சில மணி நேரத்திலேயே வேலைக்குத் திரும்பிவிட்டன. மூன்றே நாளில், ஆகஸ்ட் 15 அன்று, ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங், ராடார் நிலையங்களைத் தாக்குவதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

விமானங்களையும் விமானிகளையும் அழித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. யார் மணியடிக்கிறார்கள் என்று தேடிப் பிடித்திருந்தால் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ!

ஓடாமல் நின்ற இரண்டு பெண்கள்

ஆகஸ்ட் கடைசியில் குண்டுகள் விமான தளங்களின் மேலேயே விழுந்தன. லண்டனுக்குத் தெற்கே பிக்கின் ஹில் தளம் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 30 அன்று ஒரே நாளில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அங்கிருந்த தொலைபேசி அறையில் வேலை பார்த்தவர்கள் சார்ஜென்ட் ஹெலன் டர்னர், கார்ப்பொரல் எல்ஸ்பெத் ஹெண்டர்சன். தலைக்கு மேலே இருந்தது சாதாரணக் கூரை. 'எல்லோரும் பதுங்கு குழிக்குப் போங்கள்' என்று உத்தரவு வந்த பிறகும் இருவரும் நகரவில்லை. தங்கள் இணைப்பு அறுந்தால் மற்ற தளங்களுக்குத் தகவல் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். கட்டடத்தின் மீதே குண்டு விழும்வரை இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதே தளத்தில் இன்னொருவர், சார்ஜென்ட் ஜோன் மார்ட்டிமர். வெடிபொருள் கிடங்கை ஒட்டிய அறையில் தொலைபேசிப் பணி. தாக்குதல் முழுவதும் அங்கேயே இருந்தவர், அது ஓய்ந்ததும் கையில் ஒரு கட்டு சிவப்புக் கொடிகளோடு ஓடுபாதைப் பக்கம் போனார். வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொடியை நட்டார். திரும்பி வரும் விமானங்கள் அவற்றின் மேல் இறங்கிவிடக் கூடாதே!

மூவருக்கும் 'மிலிட்டரி மெடல்' வழங்கப்பட்டது. அந்தப் போரில் மகளிர் விமானப் பிரிவில் ஆறே பேர் பெற்ற விருது அது.

டர்னரையும் ஹெண்டர்சனையும் 1941-ல் ஓவியமாக வரைந்தவர் லாரா நைட். அன்றைய பிரிட்டனின் மிகப் பிரபலமான பெண் ஓவியர். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அந்த ஓவியம் இருக்கிறது. காலண்டரில் வந்ததில்லை, மாடல் பெட்டியின் மேல் வந்ததில்லை. ஆனால், ஸ்க்ராம்பிள் ஓவியத்தின் மறுபாதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்தப் படத்தில் மணி சத்தம் கேட்டு ஓடுபவர்கள். இந்தப் படத்தில் மணி அடிக்க வைத்தவர்கள்.

திரும்பி வந்தவர்களின் முகம்

ஓவியத்தின் இளைஞர்கள் மேலே போன பிறகு, புல்தரையில் தரைப் பணியாளர்கள் மட்டும் நிற்பார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பிறகு தூரத்தில் இன்ஜின் சத்தம். எண்ண ஆரம்பிப்பார்கள்... ஒன்பது, பத்து, பதினொன்று.

எண்ணிக்கைக்கு முன்பே காதுக்கு ஒரு செய்தி வந்துவிடும். துப்பாக்கித் துளைகள் குளிரில் உறையாமல் இருக்க அவற்றின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டால் அது கிழிந்துவிடும். கிழிந்த துளைகளில் காற்று புகுந்து, இறங்கும் விமானம் விசிலடிப்பதுபோல ஊளையிடும். அந்தச் சத்தம் கேட்டால், மேலே சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வராதவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் அல்லர். ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டாங்க் இருந்தது விமானியின் முழங்காலுக்கு நேர் முன்னால். ஹரிக்கேனிலும் முன்னால் ஒரு டாங்க் உண்டு. அதில் குண்டு பட்டால் தீ நேராக முகத்துக்கு வரும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரிச்சர்ட் ஹிலரி 1940 செப்டம்பர் 3 அன்று அப்படித்தான் எரிந்து கடலில் விழுந்தார். மீட்புப் படகு வந்து தூக்கியது. தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதிப் புகழ்பெற்றார். குணமாகாத கைகளோடு மீண்டும் பறக்கப் போய், 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியில் இறந்தார். வயது 23.

இப்படிக் கருகியவர்களைச் சேர்த்து எடுத்தவர், நியூசிலாந்திலிருந்து வந்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. ஈஸ்ட் கிரின்ஸ்டட் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் பணி. கடலில் விழுந்தவர்களின் தீப்புண்கள் மற்றவர்களைவிட நன்றாக ஆறுவதைக் கவனித்த அவர், உப்பு நீர்க் குளியலைச் சிகிச்சையாக்கினார். அவருடைய நோயாளிகள் 1941-ல் தொடங்கிய சங்கத்துக்கு வைத்த பெயர் 'கினி பிக் கிளப்', அதாவது சோதனை எலிகள் சங்கம்! போர் முடியும்போது உறுப்பினர்கள் 649 பேர்.

மெக்கிண்டோ அந்த ஊர்க்காரர்களிடமும் ஓர் உதவி கேட்டார். என் பையன்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம், சாதாரணமாகப் பேசுங்கள் என்று. ஊர் அதை ஏற்றது. மூக்கும் இமையும் இல்லாத இளைஞர்களை வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தது. 'வெறித்துப் பார்க்காத ஊர்' என்ற பெயர் அதற்கு இன்றும் இருக்கிறது.

அந்த நாலு மாதப் போரில் பிரிட்டன் தரப்பில் இறந்த விமானிகளும் உடன் பறந்தவர்களும் 544 பேர். தப்பியவர்களில் ஏறத்தாழ 800 பேர் போர் முடியும்முன் வேறு களங்களில் இறந்தார்கள். எதிர்த்தரப்பில் இறந்த ஜெர்மானியர்களும் இதே வயதுப் பிள்ளைகள்தான்.

வானத்தில் ஒரு 'கோயம்புத்தூர்'

இந்தக் கதையில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இந்தியாவைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் சேர்த்தது வைஸ்ராயின் ஒற்றை அறிவிப்பு. அதை எதிர்த்து 1939 அக்டோபரில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. ஆனாலும் மாகாணத்திலிருந்து போர் விமான நிதி திரட்டப்பட்டு லண்டனுக்குப் போனது. அதற்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மதராஸ் பிரெசிடென்சி' என்று சேர்த்தார்கள். மூன்றுமே 1940 போரில் பறந்தவை.

இவற்றில் 264-க்குக் கிடைத்தது டிஃபையன்ட் என்ற இரண்டு பேர் பறக்கும் விமானம். முன்னால் சுடத் துப்பாக்கியே கிடையாது. பின்னால் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர்தான் சுட வேண்டும். பகல் சண்டைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் சில நாட்களுக்குள் பல விமானங்களை இழந்த அந்த ஸ்குவாட்ரன், பிறகு இரவுக் காவலுக்கு மாற்றப்பட்டது. டெஸ்மண்ட் ஹ்யூஸ் என்ற விமானியும் ஃப்ரெட் கேஷ் என்ற துப்பாக்கி வீரரும் லண்டனின் இருட்டு வானில் பறந்த டிஃபையன்டின் உடலில் எழுதியிருந்த பெயர்: 'கோயம்புத்தூர் 2'.

பணம் மட்டும் போகவில்லை. 1940 அக்டோபரில் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மொஹிந்தர் சிங் புஜ்ஜி. தலைப்பாகையோடே ஹரிக்கேன் ஓட்டியவர். 1941-ல் அவரும் இதே மணிக்காகக் காத்திருந்தார், ஓடினார். 2014-ல் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்ட் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆனால், காலண்டர் ஓவியங்களில் தலைப்பாகை கட்டிய விமானியைத் தேடினால் கண் வலிக்கும்.

மணி அடிக்காத காலை

மணியின் அருமை தெரிய வேண்டுமானால், அது அடிக்காமல் போன ஒரு காலையைப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை. கொழும்பு போதும்.

1942 ஏப்ரல் 4. இலங்கைக்குத் தெற்கே கடலுக்கு மேல் ரோந்து போன கனடா நாட்டு விமானி லியோனார்ட் பிர்ச்சால், ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் வருவதைப் பார்த்துவிட்டார். ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்துவதற்குள் வானொலியில் செய்தியை அனுப்பினார். பிடிபட்டு, போர் முடியும்வரை கைதியாக இருந்தார். ஆனால், அவர் கொடுத்த எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேற நேரம் கிடைத்தது. அது அடித்த மணி.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. எதிரி வருவது தெரியும், எந்த நிமிடம் என்பது தெரியாது. கொழும்புக்குத் தெற்கே ரத்மலானை தளத்தில் 30-வது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் தயாராக நின்றன. ராடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. காலை சுமார் ஏழரை மணிக்குத் தலைக்கு மேலே ஜப்பானிய விமானங்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விமானிகள் ஓடினார்கள். குண்டு விழ விழ, சுடச் சுட, மேலே ஏறினார்கள். நகருக்குள் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அமைத்திருந்த ரகசியத் தளத்திலிருந்து 258-வது ஸ்குவாட்ரனின் 14 ஹரிக்கேன்கள் எழுந்தன. அவற்றில் 9 வீழ்ந்தன. அன்று இலங்கைத் தரப்பில் மேலே போன போர் விமானங்களில் ஏறத்தாழ பாதி திரும்பவில்லை.

ஓடிய கால்களின் வேகத்தில் இங்கிலாந்துக்கும் இலங்கைக்கும் வித்தியாசம் கிடையாது. துணிச்சலிலும் கிடையாது. அங்கே மேலே ஏறுவதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தன, இங்கே கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த நாள், ஏப்ரல் 6 அன்று, ஜப்பானியக் குண்டுகள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தன. சென்னை மாகாணம் கிடுகிடுத்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மூட்டை முடிச்சோடு மக்கள் சென்னையைக் காலி செய்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது 'எவாகுவேஷன்' என்று சொல்லக் கேட்டிருந்தால், அவர்கள் சொன்னது இந்த நாட்களைத்தான்.

வெண்கலத்தில் எல்லோரும்

லண்டனில் தேம்ஸ் நதியோரம் 2005 செப்டம்பரில் திறக்கப்பட்ட பிரிட்டன் போர் நினைவுச்சின்னம், இந்த விஷயத்தில் நியாயம் செய்திருக்கிறது. சிற்பி பால் டே வடித்த, சுமார் 25 மீட்டர் நீளமுள்ள அந்தச் சின்னத்தின் நடுவே அதே காட்சிதான். வெண்கலச் சுவரைப் பிய்த்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடிவரும் ஆளுயர விமானிகள். முதலில் கண் அங்கேதான் போகும். சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுப்பதும் அங்கேதான்.

ஆனால் இரண்டு அடி நகர்ந்தால் மற்றவர்களும் இருக்கிறார்கள். வானத்தையே பார்த்து நிற்கும் காவலர்கள், மேசையைச் சுற்றிக் கோலோடு நிற்கும் பெண்கள், தொழிற்சாலைப் பெண்கள், விமானத்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள்.

அடுத்த முறை போர் விமானிகள் ஓடும் ஓவியம் எதையாவது பார்த்தால், ஒரு நொடி அந்த மரக் குடிசையின் கதவைப் பாருங்கள். உள்ளே இருட்டில் யாரோ ஒருவர் போனை இப்போதுதான் வைத்திருப்பார். அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு கடிகாரம், அதற்கும் பின்னால் ஒரு குன்றின் மேல் தொலைநோக்கியோடு நிற்கும் ஒரு கடைக்காரர். அவர்கள் யாரும் ஓடவில்லை. அவர்கள் தங்கள் இடத்தை விட்டு நகராமல் இருந்ததால்தான் இவர்களால் நேரத்துக்கு ஓட முடிந்தது.